ரோஜாப்பூ ஊர்வலம் முடிஞ்ச பிறகு நார்வே என்ன பண்ணுச்சு

நம்ம ஆட்களுக்கு நார்வேன்னா முதல்ல ஞாபகம் வர்றது எரிக் சோல்ஹைமும் 2002 இலங்கை சமாதானப் பேச்சுவார்த்தையும்தான். மத்த நாட்டு சண்டையைப் பேசித் தீர்க்கப் போற ஒரு சின்ன நாடு, அப்போ மொத்த ஜனத்தொகையே 50 லட்சத்தைத் தொடல, ரோட்டுல நிக்கிற போலீஸ்காரர் இடுப்புல அப்போ துப்பாக்கி இருக்காது, பிரதமர் ஆபீஸ் இருந்த கட்டடத்து வாசல் வரைக்கும் யார் வேணும்னாலும் வண்டியை ஓட்டிட்டுப் போய் நிறுத்தலாம். 2011 ஜூலை 22 வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைநகர் ஆஸ்லோவில ஒருத்தன் அப்படித்தான் ஒரு வேனைக் கொண்டுபோய் நிறுத்தினான். உள்ள உரத்தை வச்சு செஞ்ச குண்டு, கிட்டத்தட்ட 950 கிலோ. 3.25க்கு வெடிச்சுது, 8 பேர் செத்தாங்க. ஊரே அங்க ஓடிட்டு இருக்கும்போது அவன் போலீஸ் மாதிரி டிரெஸ் போட்டுக்கிட்டு வேற காருல கிளம்பி, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஏரிக்கு நடுவுல இருக்கிற உத்தோயாங்கிற குட்டித் தீவுக்குப் போனான். ஆளும் லேபர் கட்சியோட இளைஞர் அணி ஏ.யு.எஃப். அங்க கோடை முகாம் நடத்திட்டு இருந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல சுட்டான், 69 பேர். பாதிக்கு பாதி 18 வயசு கூட ஆகாத பசங்க, ரொம்பச் சின்னவங்களுக்கு வயசு 14.

அவன் பேரை இங்க எழுதப் போறதில்ல, தேவையும் இல்ல.

மூணு நாள் கழிச்சு, 25ஆம் தேதி சாயங்காலம் ஆஸ்லோ டவுன்ஹால் முன்னாடி 2 லட்சம் பேர் கையில ரோஜாப்பூவோட வந்து நின்னாங்க. ஊர் ஜனத்தொகையே சுமார் 6 லட்சம்தான், அதாவது மூணுல ஒருத்தர். ஊர்வலமாப் போறதுதான் பிளான், ஆனா கால் எடுத்து வைக்க இடமில்லாததால யாரும் எங்கயும் போகல, நின்ன இடத்துலயே பூவைத் தூக்கிப் பிடிச்சாங்க. பட்டத்து இளவரசர் ஹாக்கோன் மேடையேறி, இன்னைக்கு ராத்திரி நம்ம தெருவெல்லாம் அன்பால நிறைஞ்சிருக்குன்னு சொன்னார். அந்தப் போட்டோ உலகம் பூரா போச்சு. தீவிரவாதத் தாக்குதலுக்கு அப்புறம் ஒரு நாடு எப்படி ஒத்துமையா நிக்கணும்னு யார் பேசினாலும் இன்னைக்கு வரைக்கும் அந்தப் போட்டோவைத்தான் காட்டுறாங்க. எனக்கு அதுல மறுப்பு இல்ல, நானும் எத்தனையோ தடவை அதைப் பார்த்துக் கண்ணு கலங்கியிருக்கேன். ஆனா அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் எடுத்துக்கிட்டு நார்வேயோட கதையை முடிச்சுட்டா பாதிக் கதைதான் தெரியும், அதுவும் சுலபமான பாதி. பூ வாடுறதுக்கு மூணு நாலு நாள்தான் ஆகும், அதுக்கப்புறம் வந்த பத்து வருஷம் இருக்கே, அதுலதான் உண்மையான சோதனை இருந்துச்சு, சிலதுல நார்வே ஜெயிச்சுது, ஒரு விஷயத்துல ரொம்ப நாள் தடுமாறுச்சு.

முதல்ல அந்த முதல் சில மணி நேரத்தைச் சொல்லணும், ஏன்னா அது பெருசா யாரும் பேசாத விஷயம். குண்டு வெடிச்சதும் டிவில உக்கார்ந்த நிபுணர்கள் நிறைய பேர் சந்தேகப்பட்டது இஸ்லாமிய தீவிரவாதிகளைத்தான். ஆப்கானிஸ்தான்ல நார்வே ராணுவம் இருக்கு, அதுக்குப் பழி வாங்குறாங்கன்னு விளக்கம் வேற. அந்த நேரத்துல ஆஸ்லோ தெருவுல சில முஸ்லிம்களைத் திட்டியிருக்காங்க, துரத்தியிருக்காங்க. ராத்திரி ஆகும்போதுதான் தெரிஞ்சுது, பிடிபட்டவன் வெள்ளைக்கார நார்வேக்காரன், 32 வயசு, ஆஸ்லோவிலயே வளர்ந்தவன், முஸ்லிம்களையும் குடியேறிகளையும் வெறுக்கிறவன். 1500 பக்கத்துக்கு மேல ஒரு அறிக்கை எழுதி அன்னைக்கே ஈமெயில்ல அனுப்பியிருக்கான். லேபர் கட்சிதான் நாட்டை அந்நியர்களுக்குத் திறந்து விட்டுச்சு, அதனால அதோட அடுத்த தலைமுறையையே அழிக்கணும்ங்கிறதுதான் அவன் கணக்கு. முன்னாள் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்டைக் கொல்றதும் அவன் திட்டத்துல இருந்துச்சு, அவங்க அன்னைக்கு தீவுல பேசிட்டு கொஞ்ச நேரம் முன்னாடிதான் கிளம்பியிருந்தாங்க.

இப்போ இதை யோசிச்சுப் பாருங்க, குண்டு வச்சவன் உண்மையிலேயே ஒரு முஸ்லிமா இருந்திருந்தா அந்த 2 லட்சம் பேரும் அதே பூவோட அதே மாதிரி வந்து நின்னிருப்பாங்களா? இந்தக் கேள்வியை நார்வே முஸ்லிம்களே கேட்டாங்க, கேக்குறதுக்கு அவங்களுக்கு முழு உரிமை இருக்கு. பதில் யாருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு, பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பர்க் ஆள் யாருன்னு முழுசா விவரம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே, முதல் ராத்திரியே, வன்முறைக்கு எங்க பதில் இன்னும் அதிக ஜனநாயகம், இன்னும் அதிகத் திறந்த மனசுங்கிற மாதிரி பேசிட்டார். ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்லோ கதீட்ரல்ல அதையே இன்னும் தெளிவாச் சொன்னார், கூடவே, ஆனா ஏமாளியா மட்டும் இருக்க மாட்டோம்னும் சேர்த்துக்கிட்டார். ஒரு இளைஞர் அணிப் பொண்ணு சொன்னதையும் அங்க எடுத்துச் சொன்னார், ஒரே ஒருத்தனால இவ்வளவு வெறுப்பைக் காட்ட முடியும்னா நாம எல்லாரும் சேர்ந்தா எவ்வளவு அன்பைக் காட்ட முடியும்னு. அந்தப் பசங்களும் அந்தத் தீவும் அவருக்கு அந்நியம் இல்ல, அவரே ஒரு காலத்துல ஏ.யு.எஃப். தலைவரா இருந்தவர், சின்ன வயசுலேர்ந்து ஒவ்வொரு கோடைக்கும் அந்தத் தீவுக்குப் போனவர். சொந்த வீட்டுல சாவு விழுந்த மனுஷன் அப்படிப் பேசினதாலதான் அதுக்கு அவ்வளவு கனம் இருந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். அந்த வாரமே ஆஸ்லோவில ஒரு மசூதிக்கும் போனார். குடியேறின முஸ்லிம் குடும்பத்துப் பொண்ணு ஒருத்தியோட இறுதிச் சடங்கை பாதிரியாரும் இமாமும் பக்கத்துல பக்கத்துல நின்னு நடத்தினாங்க.

சரி, அடுத்தது என்ன? பொதுவா எந்த நாட்டுலயும் இந்த இடத்துலதான் ஒத்துமைங்கிற வார்த்தை ஒரு மூடி மாதிரி ஆகிடும். நாடே துக்கத்துல இருக்கும்போது குறை சொல்லாதீங்க, போலீஸைக் கேள்வி கேட்டா எதிரிக்கு உதவுற மாதிரி, இப்போ அரசியல் பேசாதீங்க, இப்படியே ஓட்டி கடைசில யார் தவறுன்னு யாரும் கேக்காமலே ஃபைலை மூடிடுவாங்க. நார்வே அதைப் பண்ணல. ஸ்டோல்டன்பர்க் அரசாங்கமே அலெக்சாண்ட்ரா பெக் யோர்வ்ங்கிற வக்கீல் தலைமையில ஒரு கமிஷன் போட்டுச்சு, 2012 ஆகஸ்ட் 13ஆம் தேதி அறிக்கை வந்துச்சு, வந்த அறிக்கை அரசாங்கத்தை உரிச்சு எடுத்துடுச்சு.

அதுல இருக்கிற சில விஷயத்தைப் படிச்சா வயிறு எரியும். அரசாங்கக் கட்டடத்து முன்னாடி இருக்கிற அந்த ரோட்டை வண்டிகளுக்கு மூடணும்னு 2004லேயே முடிவாகியிருக்கு, ஏழு வருஷம் ஆகியும் ஒரு கேட் போடல, அந்த ஆபீஸுக்கும் இந்த ஆபீஸுக்கும் பேப்பர் போய்ட்டே இருந்திருக்கு. குண்டு வெடிச்ச பத்து நிமிஷத்துல, அந்தப் பக்கமா வந்த ஒருத்தர் போலீஸுக்கு ஃபோன் பண்ணி, கையில துப்பாக்கியோட ஒரு ஆள் கார்ல ஏறிப் போனான், இதுதான் நம்பர்னு வண்டி நம்பரையே சொல்லியிருக்கார், அதை ஒரு சின்ன மஞ்சள் பேப்பர்ல எழுதி கன்ட்ரோல் ரூம்ல மேஜை மேல வச்சிருக்காங்க, அது அங்கயே 20 நிமிஷம் யார் கண்ணுலயும் படாம கிடந்திருக்கு, அந்த நேரத்துல அவன் ஆஸ்லோ டிராஃபிக்லதான் கார் ஓட்டிட்டு இருந்திருக்கான். போலீஸ் ஹெலிகாப்டர் இருந்துச்சு, ஆனா ஜூலை மாசம் ஓட்டுறவங்க எல்லாரும் லீவு. தீவு கரையிலேர்ந்து 600 மீட்டர்தான், முதல்ல வந்து சேர்ந்த போலீஸ்காரங்க படகு இல்லாம கரையிலயே நின்னாங்க, அப்புறம் வந்த சிறப்புப் படை ஒரே ரப்பர் படகுல அளவுக்கு மீறி ஏறி அதுல தண்ணி புகுந்து என்ஜின் நின்னு போய், பொதுமக்களோட படகுலதான் போய்ச் சேர்ந்தாங்க. அதே நேரத்துல எதிர்க்கரையில டென்ட் போட்டிருந்த சாதாரண ஜனங்க, விடுமுறைக்கு வந்தவங்க, துப்பாக்கிச் சத்தம் கேக்குற தண்ணிக்குள்ள தங்களோட சின்னச் சின்னப் படகை எடுத்துட்டுப் போய் நீந்திட்டு இருந்த பசங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தாங்க. யாரும் உத்தரவு போடல, சிலர் திரும்பத் திரும்பப் போயிருக்காங்க.

கமிஷன் சொன்னது ரெண்டு முக்கியமான விஷயம். ஏற்கனவே எடுத்த பாதுகாப்பு முடிவுகளை நிறைவேத்தியிருந்தா அந்தக் குண்டுவெடிப்பைத் தடுத்திருக்கலாம். போலீஸ் இன்னும் சீக்கிரம் தீவுக்குப் போயிருக்க முடியும். ஆளும் கருவியும் இருந்துச்சு, ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்லைங்கிறதுதான் அறிக்கையோட சாரம். போலீஸ் தலைவர் அந்த வாரமே ராஜினாமா பண்ணார். ஸ்டோல்டன்பர்க் பார்லிமென்ட்ல நின்னு பொறுப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டார், பதவியை விடல, அதைப் பத்தி அங்க விமர்சனம் உண்டு, பத்திரிகைகள் அவர் போகணும்னே எழுதுச்சு. ஆனா முக்கியம் என்னன்னா, பூ கொடுத்த அதே ஜனங்கதான் ஒரு வருஷம் கழிச்சு இந்தக் கேள்வியெல்லாம் கேட்டாங்க, அதை யாரும் தேசத்துரோகம்னு சொல்லல.

கோர்ட்டு விஷயமும் இதே மாதிரிதான். விசாரணை 2012 ஏப்ரல் 16லேர்ந்து ஜூன் 22 வரைக்கும் பத்து வாரம், தனி சட்டமோ தனி கோர்ட்டோ போடாம ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றத்துல, வழக்கமான சட்டப்படியே நடந்துச்சு. அவனுக்கு வாதாடின கெய்ர் லிப்பெஸ்டாட் லேபர் கட்சி மெம்பர். யோசிச்சுப் பாருங்க, தன் கட்சிப் பிள்ளைகளைக் கொன்னவனுக்கு வக்கீல், அவனுக்கு வக்கீல் இல்லாம தண்டனை கொடுத்தா அது நியாயம் ஆகாதுன்னு நம்பின மனுஷன். விசாரணை ரெண்டாவது நாளே, பொதுமக்கள்லேர்ந்து நியமிச்ச நீதிபதிகள்ல ஒருத்தரை மாத்தினாங்க, ஏன்னா தாக்குதல் நடந்த சமயத்துல அவர் இவனுக்கு மரண தண்டனைதான் சரின்னு இணையத்துல எழுதியிருந்தார். நம்மூர்ல அப்படி எழுதாதவங்களைத் தேடித்தான் பிடிக்கணும். நார்வேல மரண தண்டனையே கிடையாது, நீதிபதி முன்கூட்டியே முடிவு எடுத்தவரா இருக்கக் கூடாதுங்கிற ஒரே காரணத்துக்காக அவரை அனுப்பினாங்க.

செத்த 77 பேருக்கும் கோர்ட்டுல தனித்தனியா நேரம் ஒதுக்கினாங்க. ஒவ்வொருத்தரோட பிரேதப் பரிசோதனை விவரத்தைப் படிச்சதும் அவங்க போட்டோவைக் காட்டி, இவங்க யாரு, என்ன கனவு வச்சிருந்தாங்கன்னு குடும்பம் எழுதிக் கொடுத்ததை வாசிச்சாங்க. எனக்கு இந்த வழக்குலயே ரொம்ப முக்கியமாப் படுறது இதுதான். அவன் கோர்ட்டை மேடையா ஆக்க நினைச்சான், கையை நீட்டி சல்யூட் எல்லாம் அடிச்சான், ஆனா அந்த ரூம்ல அதிக நேரம் பேசப்பட்டது அந்தப் பிள்ளைங்களைப் பத்தி. நடுவுல ஒரு குழந்தைகள் பாட்டைச் சொல்லி, அது பிள்ளைங்க மூளையைக் கெடுக்குதுன்னு அவன் சொன்னான், அடுத்த சில நாள்ல, ஏப்ரல் 26, மழை பெஞ்சுட்டு இருந்துச்சு, சுமார் 40,000 பேர் ஆஸ்லோ சதுக்கத்துல கூடி அதே பாட்டைப் பாடி, கோர்ட்டு வாசல் வரைக்கும் நடந்து போய் ரோஜாவை வச்சுட்டு வந்தாங்க.

ஆகஸ்ட் 24 தீர்ப்பு. முதல் மனநல அறிக்கை அவன் மனநோயாளின்னு சொல்லுச்சு, ரெண்டாவது இல்லைன்னு சொல்லுச்சு, அரசுத் தரப்பே ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டுச்சு. நீதிபதிகள் அஞ்சு பேரும் ஒரே குரல்ல அவனுக்கு புத்தி சரியாத்தான் இருக்குன்னு சொல்லி 21 வருஷம் தடுப்புக் காவல் கொடுத்தாங்க, ஆபத்தானவன்னு தோணுற வரைக்கும் நீட்டிக்கிட்டே போகலாம். 77 கொலைக்கு 21 வருஷமான்னு வெளிநாட்டுல எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க, நீட்டிக்கலாம்ங்கிற விஷயத்தைக் கவனிக்காம. 2022ல விடுதலை கேட்டான், கிடைக்கல. உயிர் தப்பின பல பேர் நிம்மதி ஆனது வருஷக் கணக்கைப் பார்த்து இல்ல, பைத்தியம்னு சொல்லாததாலதான். பைத்தியம் பண்ணின வேலைன்னு ஆகிட்டா அதுக்குப் பின்னாடி இருக்கிற கொள்கையைப் பத்தி யாரும் பேச வேண்டியதில்லையே.

நார்வே தடுமாறினது இந்தக் கொள்கை விஷயத்துலதான்.

முதல் நாளிலேர்ந்து எல்லாரும் சொன்னது, இது நார்வே மேல நடந்த தாக்குதல், நம்ம எல்லார் மேலயும் நடந்த தாக்குதல். நல்ல மனசோட சொன்னதுதான், லேபர் கட்சித் தலைவர்களும் அதையேதான் சொன்னாங்க, துக்கத்தை ஓட்டாக்குற மாதிரி ஆகிடக் கூடாதுன்னு ஒதுங்கினாங்க. ஆனா அவன் நம்ம எல்லாரையும் சுடலியே, ஒரு கட்சியோட பசங்களைத் தேடிப் போய், அவங்க நம்பின விஷயத்துக்காகவே சுட்டான். பொதுவான துக்கம் ஆக ஆக அந்தக் குறி மங்கிப் போச்சு. சூறாவளியோ வெள்ளமோ வந்த மாதிரி, எங்கிருந்தோ வந்த இருட்டுன்னு பேச ஆரம்பிச்சாங்க. அந்த வெறுப்பு எந்த வெப்சைட்ல வளர்ந்துச்சு, குடியேறிகளைப் பத்தி மரியாதையான மேடைகள்ல கூட என்ன மாதிரி பேச்சு ஓடிட்டு இருந்துச்சு, இதையெல்லாம் தப்பிப் பிழைச்ச பசங்க பேச ஆரம்பிச்சா, உத்தோயா சீட்டைப் போடுறாங்க, அதாவது அந்தத் துக்கத்தை வச்சு அரசியல் லாபம் தேடுறாங்கன்னு வாயை அடைச்சாங்க. உடம்புல குண்டோட தப்பிச்ச 17 வயசுப் பிள்ளையைப் பார்த்து, நீ அனுதாபம் தேடுறன்னு சொல்றது எவ்வளவு கொடுமை. பிழைச்சவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேருக்கு வெறுப்பு மெசேஜோ மிரட்டலோ வந்திருக்குன்னு பின்னாடி ஆய்வுல தெரிஞ்சுது. அப்போ இளைஞர் அணித் தலைவரா இருந்த எஸ்கில் பெடர்சன் தப்பிச்சது ஏன்னு கேட்டே அவரை வருஷக்கணக்கா குத்தியிருக்காங்க.

நம்மளோட தொடர்பு ஒண்ணும் இதுல இருக்கு. யாழ்ப்பாணத்துல பிறந்து 3 வயசுல அப்பா அம்மாவோட நார்வே போன கம்சாயினி குணரத்தினம் அன்னைக்கு அந்தத் தீவுல இருந்தாங்க. தண்ணில குதிச்சு நீந்தி உயிர் தப்பினவங்க. அவன் எந்த நார்வே வரக்கூடாதுன்னு துப்பாக்கி எடுத்தானோ அந்த நார்வேயோட முகம் அவங்க, கறுத்த தோல், தமிழ்ப் பேர், அரசியல் பேசுற பொண்ணு. 2015ல 27 வயசுல ஆஸ்லோவோட துணை மேயர் ஆனாங்க, 2021ல பார்லிமென்ட்டுக்குப் போனாங்க. அப்போ நம்ம பத்திரிகைகள்ல எல்லாம் தமிழ்ப் பெண் சாதனைன்னு பெருமையா வந்துச்சு, பெருமைதான், ஆனா உத்தோயாவைப் பத்தி ஒரு வரியோட முடிச்சுட்டாங்களேன்னு எனக்கு வருத்தம் உண்டு.

தேர்தல் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிடணும். குடியேற்றத்தை எதிர்க்கிற முன்னேற்றக் கட்சியில கொலையாளி ஒரு காலத்துல மெம்பரா இருந்து விலகினவன், கட்சி தாக்குதலைத் தெளிவாவே கண்டிச்சுது. 2011 செப்டம்பர் உள்ளாட்சித் தேர்தல்ல அந்தக் கட்சி 17.5 சதவீதத்துலேர்ந்து 11.4க்கு இறங்குச்சு. நாடு மாறிடுச்சுன்னு எழுதினாங்க. ரெண்டே வருஷத்துல, 2013ல, அதே கட்சி சரித்திரத்துல முதல் தடவையா ஆட்சியில பங்கு எடுத்துச்சு. 2018 மார்ச்ல அந்தக் கட்சியோட நீதி அமைச்சர் சில்வி லிஸ்தாக், நாட்டுப் பாதுகாப்பை விட தீவிரவாதிகளோட உரிமைதான் லேபர் கட்சிக்கு முக்கியம்னு ஃபேஸ்புக்ல போட்டார், யாரைப் பார்த்து அப்படிச் சொன்னார்னு நினைச்சுப் பாருங்க. நாடே கொதிச்சுது, நம்பிக்கையில்லாத் தீர்மானம் வர்றதுக்கு முன்னாடியே ராஜினாமா பண்ணினார். ஏழு வருஷமா அடக்கி வச்ச பேச்சு அப்போதான் கொஞ்சம் உடைச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு. 2019 ஆகஸ்ட்ல ஆஸ்லோ பக்கத்துல பாரும்ல ஒரு இளைஞன் துப்பாக்கியோட மசூதிக்குள்ள புகுந்தான், உள்ள இருந்த ஒரு 65 வயசு பெரியவர் அவன் மேல பாஞ்சு அமுக்கிப் பிடிச்சதால அங்க யாரும் சாகல, ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே சீனாவிலேர்ந்து தத்தெடுத்த தன் ஸ்டெப் சிஸ்டரைக் கொன்னுட்டுத்தான் வந்திருக்கான். 2021ல பத்தாவது நினைவு நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி, நவநாஜிகள் 2001ல கொன்ன 15 வயசுப் பையனோட நினைவுச் சின்னத்துல உத்தோயா கொலையாளிதான் சரின்னு கிறுக்கி வச்சாங்க. அந்த வருஷ நினைவுக் கூட்டத்துல இளைஞர் அணியும் பிழைச்சவங்களும் இனிமே வாயை மூட மாட்டோம்னு வெளிப்படையாவே சொன்னாங்க.

நினைவிடம் கட்டுறதுலயும் சண்டைதான். தீவுக்கு எதிர்க்கரையில நிலத்தையே வெட்டிப் பிளந்த மாதிரி ஒரு சிற்பம் வைக்க அரசாங்கம் முடிவு பண்ணுச்சு, அந்த ஊர் ஜனங்க எதிர்த்து கேஸ் போட்டாங்க. அவசரப்பட்டு அவங்களைத் திட்ட முடியல, ஏன்னா தண்ணில இறங்கிப் பசங்களைக் காப்பாத்தினதே அவங்கதான், தினமும் ஜன்னலைத் திறந்தா அந்த வெட்டைப் பார்க்கணுமான்னு கேட்டாங்க. 2017ல அந்தத் திட்டத்தைக் கைவிட்டாங்க, படகுத்துறையில 77 வெண்கலத் தூண் வைக்கிற வேற திட்டத்துக்கும் கேஸ் நடந்து, கடைசில 2022லதான் திறந்தாங்க. பதினோரு வருஷம்.

தீவுக்குள்ள மட்டும் கொஞ்சம் வேற மாதிரி நடந்துச்சு. அங்க ஒரு பழைய கஃபே கட்டடம் இருக்கு, அதுக்குள்ள மட்டும் 13 பேர் செத்தாங்க. முதல்ல இடிச்சுட்டுப் புதுசா கட்டலாம்னு இளைஞர் அணி சொல்லுச்சு, பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா அப்பாக்கள் பலர் கூடாதுன்னாங்க, சிலர் அந்த இடத்துல இனி முகாமே வேண்டாம்னாங்க. பேசினாங்க, நிறுத்தினாங்க, திரும்பப் பேசினாங்க, வருஷக்கணக்கா. கடைசில அந்தக் கஃபேல கொலை நடந்த பகுதியை குண்டுத் துளைகளோட அப்படியே விட்டுட்டு அதைச் சுத்தி மரத்துல ஒரு புதுக் கட்டடம் எழுப்பினாங்க. கூரையைத் தாங்குற தூண் 69, இறந்தவங்களுக்கு. வெளிப்பக்கம் வேலி மாதிரி சுத்தி நிக்கிற மரக்கட்டை 495, அன்னைக்கு அந்தத் தீவுலேர்ந்து உயிரோட திரும்பினவங்களுக்கு. 2015 ஆகஸ்ட்ல முகாம் திரும்ப ஆரம்பிச்சுது, ஆயிரம் பேருக்கு மேல வந்தாங்க, முதல் தடவை வர்ற பசங்க நிறைய. இப்போ அங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்து தங்கி, ஜனநாயகம்னா என்ன, வெறுப்புப் பேச்சை எங்க எப்படி எதிர்க்கிறதுன்னு படிக்கிறாங்க, படிச்சு முடிச்சுட்டு சாயங்காலம் ஃபுட்பால் ஆடுறாங்க.